பரிமளாவின் மூன்று அழைப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவுப் படகுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அக்காள் மகள் வீட்டில் ஒரு விசேஷம். கையில் பழத்தட்டு, தலைக்கு மேல் வெயில், முன்னால் இருந்தவர் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்ததால் எனக்கு வழக்கமான எரிச்சல். அப்போது முரளியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஆறு வினாடி. முரளி எதைச் சொன்னாலும் மூன்று நிமிடத்துக்குக் குறையாது. ஆறு வினாடி என்று பார்த்ததுமே வரிசையை மறந்து காதில் வைத்தேன். “சார், பரிமளா போயிட்டா சார். காலையில அஞ்சரைக்கு.” அவ்வளவுதான். படகு வந்தது, வரிசை நகர்ந்தது, நான் நகரவில்லை. பிறகு காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பினேன்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் பரிமளாவைத் தெரியாதவர்கள் குறைவு. வரிசை வீட்டின் முன்பக்கத்தில், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு மேசை போட்டு, பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்தவர் அவர். அதற்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையை மூடியதும், அங்கே கற்றுக்கொண்டதை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கணவர் முரளி தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். பரிமளா என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். நேரில் ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். ஆனால் எழுதும்போது ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை.

வீட்டில் உடலை வைத்திருந்தபோது, “சார், நீங்கதான் நல்லா பேசுவீங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றார்கள். பேசினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், பேச்சுக்கா பஞ்சம்? பத்து நிமிடம் பேசினேன், பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் நான் பேசியது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரிமளாவை நான் முதலில் பார்க்கப் போனதே சண்டை போடுகிற முகத்தோடுதான். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு மடிக்கணினியையும் வைத்துப் பொட்டு வைத்தேன். வழவழப்பான மூடியில் சந்தனம் நிற்கவில்லை. திறந்து, விரல் வைத்துத் தேய்க்கும் டச்பேட்டின் நட்ட நடுவில் குளிரக் குளிர சந்தனமும், அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து திரையில் அம்புக்குறி என் பேச்சைக் கேட்கவில்லை. நான் இடப்பக்கம் இழுத்தால் அது வலப்பக்கம் மூலையில் போய் நின்றது. புதுக் கணினி, ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே அவர் மேசையில் அதை வைத்தேன்.

அவர் கணினியைத் தொடவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, எங்கே வைத்திருந்தபோது, அப்போது அதில் என்ன செருகியிருந்தது. பின்னாளில் நான் கவனித்தேன், யார் எதைக் கொண்டுவந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் வராமல் அவர் கை நீளாது. நான் பூஜையைச் சொன்னதும் குனிந்து பார்த்தார். டச்பேட்டின் ஓரத்து இடுக்கில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்திருந்தது. “சாமிக்கு வச்சீங்க, சரி சார். சாமி மூடில வச்சா ஏத்துக்க மாட்டாரா?” என்றார். பல் குத்தும் குச்சியில் துணியைச் சுற்றி இரண்டு நிமிடத்தில் சுத்தம் செய்தார். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பூஜைக்கு மறுநாள் தன் வாசலுக்கு நாலைந்து பேர் இப்படி வருவார்கள் என்று சிரித்தார்.

இன்னொரு நாள் நான் அங்கே கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுக்கடை ஹமீது அண்ணன் ஒரு மடிக்கணினியோடு வந்தார். தானாகவே கெட்டு ரோசாக் ஆகிவிட்டது, ஒன்றுமே படவில்லை என்று சத்தியம் செய்தார். பரிமளா திறந்தார். உள்ளே தேத்தாரிக் தேநீரின் சர்க்கரை பிசுபிசுத்தது. எறும்புகூட இருந்தது. ஹமீது அண்ணன் மேற்கூரையைப் பார்த்தார். பரிமளா கோபப்படவில்லை. “ஊத்துனது தப்பில்லண்ணே. ஊத்தலன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு ஒரு மணி நேரம் போவும்” என்றார். நாங்கள் மூவருமே சிரித்தோம். ஹமீது அண்ணன் மறுநாள் ஒரு பொட்டலம் பிரியாணி கொடுத்தனுப்பினார்.

இனி, அந்த மீதிப் பாதி நடந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

பாகான் செராய் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. நாங்கள் அதைப் பாலத்துத் தோட்டம் என்போம். அங்கே இருந்த பள்ளியில் நான் ஒன்பது ஆண்டு வேலை செய்தேன். ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் கைமாறி, கடைசியில் ஒரே ஒரு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பதினோரு குடும்பங்கள் மிஞ்சின. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எதிர்ப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக இணையத்தில் மனு ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். ஐந்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் திறக்காது. குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நானும் தலையாட்டிவிட்டு, வேலையைக் கடைசி நாள்வரை இழுத்துவிட்டேன். தாத்தா காலத்துப் பிறப்புப் பத்திரம் ஒருவரிடம் இல்லை, தண்ணீர் பில் இன்னொருவரிடம் இல்லை என்று அலைந்ததில் நாள் போயிற்று.

லயத்தின் மூன்றாவது வீட்டில், ஜெயந்தி என்பவரின் வீட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்தேன். அங்கேதான் என் கைப்பேசிக்குக் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. கைப்பேசியிலிருந்துதான் கணினிக்கு இணையம். இதில் ஒரு தொல்லை உண்டு. யாராவது அழைத்தால் இணையம் அறுந்துவிடும், நிரப்பிய பக்கம் முதலிலிருந்து தொடங்கும். காலையிலிருந்து பேட்டரியில் ஓட்டி எட்டுக் குடும்பங்களை முடித்தேன். இரண்டரை மணிக்குப் பேட்டரி தீர்ந்து சார்ஜரைச் செருகினேன். ஈப்போவிலிருந்து அவசரத்தில் எடுத்து வந்தது இரண்டு கால் பிளக். நம் ஊர்ச் சுவரில் மூன்று ஓட்டை. நாம் எல்லோரும் என்ன செய்வோம்? மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அழுத்தி, கீழே இரண்டு காலையும் திணிப்போம். நானும் அதையே செய்தேன்.

அதிலிருந்து அம்புக்குறிக்குப் பேய் பிடித்தது. விரலை வைக்குமுன்பே துடித்தது. ஒரு கட்டத்தைத் தொடப் போனால் வேறொன்றைத் தானே அழுத்தியது. ஒன்பதாவது குடும்பத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். பத்தாவது ராணியின் குடும்பம். முழுப் பக்கத்தையும் நிரப்பி முடித்தபோது அம்புக்குறி ஓடிப் போய் ‘அழி’ என்பதில் நின்று அழுத்திவிட்டது. மறுபடி நிரப்பினேன். மறுபடி அழித்தது. துடைத்துப் பார்த்தேன், கையைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தேன், கடைசியில் மேசையைக் குத்தினேன். மணி மூன்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்தது. பரிமளாவை அழைத்து அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அவர் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். சார்ஜர் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்றதும், அதைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கழற்றினேன். அம்புக்குறி அடங்கியது, ஆனால் பேட்டரி இல்லை, திரை மங்கியது. மறுபடி செருகி, கணினியின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கை லேசாகக் கூசியது. இரண்டு கால் பிளக் என்றால் அப்படித்தான், அது பெரிய விஷயமில்லை, கசிகிற கரண்ட் போக வழி இல்லாமல் டச்பேட்டைக் குழப்புகிறது, மூன்று கால் சார்ஜர் கிடைத்தால் சரியாகிவிடும் என்றார். ஜெயந்தியின் மகளுக்கு அதே மாதிரிக் கணினி. அவர்கள் சார்ஜர் மூன்று கால். செருகினேன்.

“இப்ப எப்படி சார்?”

அதிகமாகியிருந்தது. அம்புக்குறி திரையின் நான்கு மூலைக்கும் பறந்தது. மணிக்கட்டு கணினி ஓரத்தில் பட்டபோது சுருக்கென்று கடித்தது. அதைச் சொன்னேன். பரிமளா யோசிக்கும்போது பென்சிலால் மேசையைத் தட்டுவார். மறுமுனையில் அந்தத் தட்டல் நின்றது.

“சார், கைய எடுங்க. மூணு கால்ல போட்டா அடங்கணும். கூடுதுன்னா எர்த்து கம்பியிலயே கரண்ட் இருக்கு” என்றார். கசிவை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டிய கம்பி, மண்ணுக்குப் போகாமல் கரண்டை வீடுவீடாகக் கொண்டுபோகிறது என்று விளக்கினார். பிறகு, குளியலறைப் பைப்பு கூசுமா என்று ஜெயந்தியிடம் கேட்கச் சொன்னார்.

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கேட்டேன். ஜெயந்தி அடுப்படியிலிருந்து சாதாரணமாகப் பதில் சொன்னார். “எப்பவும் கூசும் சார். அதான் சிலிப்பர் போட்டுக்கிட்டு குளிப்போம். இந்த லயத்துல எல்லாருமே அப்படித்தான் லா.” மழை பெய்தால் மெயின் பெட்டி ‘ட்ரிப்’ ஆகிக்கொண்டே இருந்ததாம். தொல்லை தாங்காமல் போன வருடமே ஆள் வைத்து, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவியைக் கழற்றி, நேராக இணைத்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு, துணி காயப்போடப் பின்பக்கம் போய்விட்டார்.

பரிமளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்ச் எங்கே என்றார். முதல் வீட்டுச் சுவரில், பதினோரு வீட்டுக்கும் ஒன்றுதான், இங்கிருந்து முப்பது அடி இருக்கும் என்றேன். “இப்பவே போய் இறக்குங்க. யாரும் தண்ணிப் பக்கம் போவக் கூடாதுன்னு சத்தம் போட்டுச் சொல்லுங்க. நான் என் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வாரேன். அஞ்சு மணிக்குள்ள போட்டுடலாம்.” அப்போது கணினி மூலையில் மணி 3.12. இதை நான் மறக்க வழியில்லை.

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன். பரிமளாவின் குரல் வெளியே கேட்க வேண்டாம் என்று நானே யோசித்து அணைத்தேன். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு பக்கம்தான் பாக்கி. ரெண்டு நிமிஷம் குடு” என்றேன்.

“அந்த ரெண்டு நிமிஷம் என்கிட்ட இல்ல சார். இறக்குங்க.”

நான் அழைப்பைத் துண்டித்தேன்.

ஏன் என்று மூன்று ஆண்டுகளாக எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். கரண்டை இறக்கினால் கணினி செத்துவிடும். பரிமளா இருப்பது குனோங் ராபாட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அவர் நேரத்துக்கு வந்து சேருவார் என்று நான் நம்பவில்லை. இத்தனை நாள் சிலிப்பர் போட்டுக் குளித்தவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் நினைத்தேன். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் இவற்றுக்கு அடியில் இருந்தது ஒன்றே ஒன்று. ‘சார் முடித்துக் கொடுத்தார்’ என்று பதினோரு குடும்பமும் சொல்ல வேண்டும் என்ற ஆசை. கடைசி நாள்வரை இழுத்ததை அது மூடிவிடும் அல்லவா?

3.13க்குப் பரிமளா அழைத்தார். இணையம் அறுந்து பக்கம் காலியானது. அழைப்பை வெட்டிவிட்டு மறுபடி நிரப்பத் தொடங்கினேன். 3.14க்கு மறுபடி அழைத்தார். பக்கம் மறுபடி காலி. இந்தப் பெண்ணால்தான் எல்லாம் கெடுகிறது என்று பல்லைக் கடித்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே ராணி வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடித்து வந்து, சீருடையைக் கழற்றிவிட்டுக் கைலியோடு நின்றார். தோளில் துண்டு. அவர் வீடு அடுத்த வீடு, நான்காவது.

“சார், எங்க பக்கம் ஆச்சா?”

நான் துண்டைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

“ஆயிக்கிட்டே இருக்கு. நீ போம்மா.”

அவர் போனார். 3.15க்கு மூன்றாவது அழைப்பு வந்தது. அதையும் வெட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கம் மறுபடி காலி, அம்புக்குறி முதல் கட்டத்தையே சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு வாளி உருளும் சத்தம். பின்பக்கத்திலிருந்து ஜெயந்தி அலறினார்.

ஓடினேன். வேட்டி தடுக்கி ஒரு முறை விழுந்தேன். முதல் வீட்டுச் சுவரில் இருந்த சுவிட்சை இறக்கினேன். லயம் முழுவதும் மின்விசிறிகள் நின்றன. மணி 3.16. இது நடந்ததைப் பலர் பார்த்தார்கள். சார் ஓடியதை, சார் விழுந்ததை, சார் சுவிட்சை இறக்கியதை. ராணி பைப்பைப் பிடித்தபடி கீழே சரிந்து கிடந்தார். சிலிப்பர் வாசலில் கிடந்தது, களைப்பில் அன்று மறந்துவிட்டார். மூச்சு இருந்தது. வலது உள்ளங்கை வெந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பரிமளா நாலரைக்கு வந்தார். காரை விட்டு இறங்கியதும் முதலில் ராணியைப் பற்றிக் கேட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்று தொலைபேசி வந்திருந்தது, சொன்னேன். தலையாட்டிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து, தன் கணினியில் மீதி இரண்டு குடும்பத்தையும் ஏற்றினார். 4.50க்கு எல்லாம் முடிந்தது. பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் சொன்னபடி செய்திருந்தால் ஒரு மனுவும் தவறியிருக்காது, ராணி துண்டோடு வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்.

பின்னர் வந்த மின்பணியாளர், ஐந்தாவது வீட்டுக் குளியலறை ஹீட்டரிலிருந்து கசிவு என்றார். எர்த்துக் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் செம்பை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். இப்போது லயம் முழுவதும் வயரிங் மாற்றியாயிற்று. மனுக்களால் காலி செய்வது தள்ளிப்போயிருக்கிறது, வீடுகள் நிற்கின்றன. ராணியின் வலக்கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கையுறைகளை எண்ணி அடுக்கும் வேலைக்கு அந்தக் கை உதவவில்லை. இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருக்கிறார்.

அன்று மாலை பரிமளா கிளம்பும்போது அவர் கார்க் கதவருகே நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த மூன்று அழைப்பைப் பற்றி நானே எடுத்தேன். சிக்னல் சரியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். “யாராச்சும் என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் சார். கேக்கலன்னா நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன்.

யாரும் அவரிடம் கேட்கவில்லை. சாருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். பரிமளா போனில் சொன்னார், நான் ஓடிப் போய் இறக்கினேன் என்றேன். இரண்டும் உண்மை. நடுவில் இருந்த நான்கு நிமிடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்த ஆண்டுத் திருவிழாவில் தோட்டத்துக் கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ராணிதான் போர்த்தினார், மடங்காத விரல்களோடு. முரளியும் பரிமளாவும் கூட்டத்தில் இருந்தார்கள். நான் பொன்னாடையைக் கழற்றவில்லை.

அதன்பிறகு அவர் வாசலுக்குப் போகும்போதெல்லாம், கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு யாரும் இல்லையென்றால் மட்டும் கேட்பார். “சொல்லிட்டீங்களா சார்?” இன்னும் இல்லை என்பேன். சரி என்று வேலையைப் பார்ப்பார். ஒரு முறை எனக்கு ஆத்திரம் வந்து, நீயே சொல்லித் தொலையேன் என்று கத்திவிட்டேன். “நான் சொன்னா ஊர்ல ரெண்டு நாள் பேசுவாங்க, அதோட முடிஞ்சிடும். நீங்க சொன்னாத்தான் ராணி உங்கள ஏதாச்சும் கேக்க முடியும்” என்றார். நான் கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சின்னப் பழுதுக்கெல்லாம் ஈப்போ பட்டணத்துக்குள் வேறொரு கடையைத் தேடினேன்.

அவருக்கு நோய் என்று முரளி சொன்னபோதுதான் திரும்பப் போனேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தது மூன்று வாரம் முன்பு. முகம் பாதியாகியிருந்தது. என் கணினி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பூஜைக்குப் பொட்டை மூடியில்தான் வைத்தேன் என்றேன், சிரித்தார். முரளி தண்ணீர் வாங்கக் கீழே போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலாக ஒரு பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன், ‘அடுத்த வாரம் சொல்கிறேன்’ என்று. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேட்கவில்லை. வீட்டுக்குக் காரோட்டி வரும்போது எனக்கு அழுகை வந்தது. அவருக்காக அழுதேனா, அவர் என்னைக் கைவிட்டதற்காக அழுதேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாவு வீட்டுக்கு ராணி வந்திருந்தார். நான் பேசி முடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சார் மட்டும் அன்னிக்கு ஓடலன்னா நான் இன்னிக்கு இல்லண்ணே” என்று முரளியிடம் சொன்னார். முரளி என்னைப் பார்த்தார். பரிமளா அவரிடம் சொல்லியிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மடங்காத அந்த இரண்டு விரலும் என் மணிக்கட்டில் விறைப்பாகப் பட்டன. பரிமளாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

இதை எழுதி அச்சுக்கு அனுப்புவதற்கு முன், நேற்றுச் சாயந்திரம் ராணியை அழைத்தேன். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வது நியாயமில்லை. எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 3.12லிருந்து 3.16வரை உள்ளதை அப்படியே வாசித்தேன். துண்டைப் பார்த்ததையும், ‘நீ போம்மா’ என்று சொன்னதையும் வாசித்தேன். வாசிக்கும்போது அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முடித்ததும் அது நின்றது, அவர் அணைத்திருக்க வேண்டும்.

“நாலு நிமிஷமா சார்?” என்றார்.

“ஆமாம்மா.”

“நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே சார். ஜன்னல்ல நின்னு கேட்டேனே.”

“கேட்ட.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார். மறுபடி அழைக்க எனக்கு உரிமை இல்லை. அவர் அழைத்தால் எடுப்பேன், எந்த நேரமானாலும், எந்த வேலையில் இருந்தாலும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குனோங் ராபாட் வீட்டில் பரிமளாவுக்குக் கருமாதி. அவரை அறிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். நானும் இருப்பேன். ராணி வந்தால், எனக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார், நிற்கவும் வேண்டாம். உயிரைக் காப்பாற்றியவன் என்று யாராவது என்னைக் காட்டினால், இந்தத் தாளை அவர்களிடம் கொடுங்கள். பரிமளா அறிந்து, நான் மறைத்தது அந்த நான்கு நிமிடம். மூன்று ஆண்டுகளாக அதைச் சுமக்க அவரிடம் விட்டுவைத்திருந்தேன். இனி அது என்னுடையது.